ரூட்டர் மாற்றினேன், வீட்டுக் கணினி எட்டாமல் போனது

சனிக்கிழமை சாயங்காலம் டர்பனில் இடியும் மழையுமாகக் கொட்டியதில் எங்கள் வீட்டு ரூட்டர் போய்விட்டது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் ஒரு முறை போய் வந்தது, மறுபடி போய் வந்தது, அந்த இரண்டாவது வரவில்தான் அதன் உயிர் போயிருக்க வேண்டும். விளக்கு ஒன்றும் எரியவில்லை, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கருகிய வாடை. அடியில் ரப்பர் காலுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு திருகுகளையும் கழற்றித் திறந்து பார்த்தேன். கரண்ட் நுழையும் துளைக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது, அதைச் சுற்றிப் பலகையில் டீ சிந்திக் காய்ந்தது போலப் பழுப்புக் கறை. ஃபைபர் என்பது கண்ணாடி, அதன் வழியாக மின்சாரம் வராது. சுவரில் செருகிய அடாப்டர் வழியாகத்தான் அடி விழுந்திருக்கிறது. 2022, 2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்ட் நிறுத்துவது, மோசமாக இருந்தபோது வாங்கிய 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வீட்டில் உண்டு. அதன் பேட்டரி செத்த பிறகு புது பேட்டரி போடாமல் ரூட்டரை நேராகச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் கடைக்குப் போய்ப் புது ரூட்டர் வாங்கி வந்தேன். மாட்டியவுடன் இன்டர்நெட் வரவில்லை. சுவரில் இருக்கும் வெள்ளை ஃபைபர் பெட்டி பழைய ரூட்டரின் மேக் முகவரியையே, அதாவது கருவிக்குக் கருவி வேறுபடும் அடையாள எண்ணையே, நினைவில் வைத்துக்கொண்டிருக்கும், அதை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் போட்டால்தான் புதியதை ஏற்றுக்கொள்ளும் என்பது முன்பே பட்ட அனுபவம், அதனால் அதையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் வந்தது. ஃபோனில் வைஃபை வேலை செய்தது, டிவி ஓடியது, சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனேன்.

ஒன்பது மணிக்கு மனைவி கூப்பிட்டாள். அவள் இப்போது ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இங்கே மூன்று சின்னக் கடைகளுக்கு அவள் கணக்கு எழுதுகிறாள், அந்தக் கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் எங்கள் வீட்டு மேசைக் கணினியோடு கட்டப்பட்டது. அதனால் தினம் ராத்திரி மாமியார் தூங்கிய பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டுக் கணினிக்குள் வந்து வேலை பார்ப்பாள்.

"என்னங்க, நம்ம கம்ப்யூட்டர் எடுக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் முடியலேங்குது."

டிசம்பர், ஜனவரி இரண்டு மாத வாட் கணக்கை பிப்ரவரி மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் தென்னாப்பிரிக்க வரித் துறையான சார்ஸின் இ-ஃபைலிங்கில் ஏற்றியாக வேண்டும், அது வெள்ளிக்கிழமை. தவறினால் அபராதம் கடைக்காரர்கள் தலையில் விழும், அவர்கள் நம்பிக் கொடுத்த வேலை இது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் தப்பான முனையிலிருந்து ஆரம்பித்தேன். பழைய ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் ஒன்று, அதாவது வெளியிலிருந்து ஒரு கதவு எண்ணுக்கு வருவதை உள்ளே குறிப்பிட்ட கணினிக்கு அனுப்பும் விதி, போட்டிருந்தது நினைவுக்கு வந்தது, புதியதில் அது இல்லை, அதைப் போட்டால் தீர்ந்தது என்று உள்ளே நுழைந்தேன். வெளிக் கதவு எண் 33890, உள்ளே ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கணினியின் முகவரி 192.168.0.50. புது ரூட்டர் அந்த முகவரியை வாங்கவே மறுத்தது. அது தன் வீட்டு வலையை 192.168.1 என்று வைத்திருக்கிறது, பழையது 192.168.0. அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும், ஆனால் அவசரத்தில் எண்ணை மட்டும் 192.168.1.50 என்று மாற்றிப் போட்டுவிட்டு, வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைக் கொடுத்துச் சோதித்தேன். எடுக்கவில்லை. மாற்றி மாற்றி ஒரு மணி வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருந்தது. ஒன்று கணினியின் பக்கம், அது மறுநாள்தான் தெரிந்தது. மற்றது என் சோதனையிலேயே. வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் வெளி முகவரியைக் கூப்பிட்டால், ரூட்டர் அந்தக் கோரிக்கையை வெளியே போகாமல் திருப்பி உள்ளேயே அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஹேர்பின் நாட் என்பார்கள். பழைய ரூட்டருக்கு அது தெரியும், அதனால் நான் எப்போதும் அப்படியே சோதித்துப் பழகியிருந்தேன். புதியதற்குத் தெரியாது. ஆகவே எல்லாம் சரியாகவே இருந்திருந்தாலும் என் சோதனை தோற்றிருக்கும். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் உண்மையிலேயே வெளியே போக வேண்டும்: மறுநாள் முதல் ஒரு பழைய லேப்டாப்பை வராந்தாவில் வைத்து, ஃபோனின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாகக் கொடுத்து, வீட்டு வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ரூட்டர் மாற்றுகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

திங்கள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கணினியின் பக்கமிருந்து ஆரம்பித்தேன். அது சின்ன அறையில் மானிட்டர் அணைந்தே கிடக்கும் பெட்டி, கேபிளில் இணைந்தது. மானிட்டரைப் போட்டுக் கருப்புத் திரையில் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் 192.168.0.50 என்று நிற்கிறது. பல வருஷத்துக்கு முன் நானே கையால் அந்த முகவரியைக் கணினிக்குள் எழுதி வைத்திருக்கிறேன், கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி, 192.168.0.1, இப்போது அந்த முகவரியில் வீட்டில் யாருமே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் இருக்கட்டும், அந்தக் கணினிக்கு ஞாயிறு முதல் இன்டர்நெட்டே கிடையாது. ஃபோனையும் டிவியையும் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தேன்.

கணினியில் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிட்டு, நிலையான எண்ணை ரூட்டரின் பக்கம் வைத்தேன். டிஎச்சிபி ரிசர்வேஷன், அதாவது இந்த மேக் முகவரி வந்து கேட்டால் எப்போதும் 192.168.1.50-ஐத்தான் கொடு என்று ரூட்டரிடம் சொல்லி வைப்பது. கணினிக்குள் எழுதி வைப்பதை விட இதுதான் நல்லது. அடுத்த முறை ரூட்டர் மாறினால் கணினி குறைந்தபட்சம் இன்டர்நெட்டில் இருக்கும், எட்டிப் பிடிக்க வேறு வழிகள் திறந்திருக்கும்.

இன்டர்நெட் வந்தது. இப்போது வீட்டுக்குள்ளிருந்தே, லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையில் 192.168.1.50, போர்ட் 3389 என்று கொடுத்தேன். கணினி பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் போதாது, பிங்குக்குப் பதில் வராமலேயே ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கலாம், பிங்குக்குப் பதில் வந்தும் அது மூடியிருக்கலாம். இந்தக் கட்டளை குறிப்பிட்ட கதவையே தட்டிப் பார்த்து, ஆம் இல்லை என்று சொல்லும். இல்லை என்றது.

இதற்குக் காரணம் விண்டோஸ் ஃபயர்வால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல். ஒரு வலையை அடையாளம் வைத்துக்கொள்ள விண்டோஸ் கேட்வேயின் மேக் முகவரியைப் பார்க்கிறது. ரூட்டர் மாறினால் மேக் மாறும், மேக் மாறினால் விண்டோஸுக்கு இது முன்பின் தெரியாத வலை. தெரியாத வலையை அது பொது இடம் என்றே எடுத்துக்கொள்ளும், ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் முன்பு ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் தனி வலைக்கு மட்டும் என்று குறுக்கி வைத்திருந்தேன், அதனால் கதவு சாத்திக்கொண்டது. செட்டிங்கில் அந்தக் கேபிள் இணைப்பைத் தனி வலை என்று மாற்றியதும் அதே கட்டளை ஆம் என்றது. லேப்டாப்பிலிருந்து வீட்டுக்குள்ளேயே இணைத்தும் பார்த்தேன், கணக்கு மென்பொருளின் நீலத் திரை வந்தது. அவளைக் கூப்பிட்டு, பாதி வழி வந்தாச்சு, நாளைக்கு முடிஞ்சுடும் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வெளிப் பக்கம். வராந்தாவில் ஹாட்ஸ்பாட்டோடு உட்கார்ந்து பார்த்தால், போர்ட் ஃபார்வர்டிங் சரி, உள் முகவரி சரி, ஃபயர்வால் சரி, எடுக்கவில்லை. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி என்று ஒன்று இருக்கும், வெளி உலகம் நம் வீட்டுக்குக் கொடுத்திருக்கும் எண். அது 100.80 என்று ஆரம்பித்தது. அதே நேரம் கணினியில், என் முகவரி என்ன என்று சொல்லும் தளம் ஒன்றைத் திறந்தால் 102-ல் ஆரம்பிக்கும் வேறு எண். இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நமக்கும் உலகத்துக்கும் நடுவில் இன்னொரு ரூட்டர் நிற்கிறது என்று அர்த்தம்.

100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள் அதற்காகவே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தீர்ந்துகொண்டே வந்ததால், இணைப்பு தரும் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, சிஜிநாட் என்று பெயர். ஒரு பெரிய காம்பவுண்டுக்கு ஒரே ஒரு கேட், உள்ளே நூறு வீடு, தபாலில் காம்பவுண்டின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் காவலாளி யார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பான்? உள்ளேயிருந்து நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால் அவனுக்குத் தெரியும், தானாக வருகிற தபாலை அவன் குப்பையில் போட்டுவிடுவான். என் ரூட்டரில் நான் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் அந்த வெளி கேட் என் கையில் இல்லை. உதவி எண்ணில் நாற்பது நிமிஷம் காத்திருந்து கேட்டதில், புது ரூட்டர் புதிதாக முகவரி கேட்டபோது இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, தனிப் பொது முகவரி வேண்டுமென்றால் மாதாமாதம் கூடுதல் கட்டணம் என்றார்கள். பேசிய பெண் பொறுமையாகவே சொன்னார்.

கட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு முன் வேறு எதற்காகவோ கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், செக்யூரிட்டி பதிவில் ஏதாவது துப்பு கிடைக்குமா என்று. திறந்ததும் கை நின்றுவிட்டது. 4625, 4625, 4625 என்று பக்கம் பக்கமாக. அந்த எண்ணுக்குத் தோற்றுப்போன உள்நுழைவு என்று பொருள். சில விநாடிக்கு ஒன்று வீதம், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ், மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர். அந்தப் பதிவு 20 எம்பிக்குள் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும், ஆகையால் இது எத்தனை மாதமாக நடக்கிறது என்று பார்க்க முடியாது. கடைசி வரி சனிக்கிழமை மாலை 5:41. ரூட்டர் செத்த நேரம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

வெளியே 3389-க்குப் பதிலாக 33890 வைத்திருப்பதால் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன். உலகத்தின் எல்லா முகவரிகளையும் எல்லாப் போர்ட்டுகளையும் தட்டிப் பார்ப்பதே வேலையாக ஓடும் நிரல்கள் இருக்கின்றன, எண்ணை மாற்றி வைப்பது அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. 2019 மே மாதம் புளூகீப் என்று ஒரு ஓட்டை ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே வெளிப்பட்டது, பாஸ்வேர்ட் இல்லாமலே பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழையக்கூடியது, கைவிடப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்தவன்தான் நானும். என்னுடையது விண்டோஸ் 10, அந்த ஓட்டை அதில் இல்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்று குடும்பங்களின் பிழைப்புக் கணக்கு அந்தக் கணினியில் இருக்கிறது. தெருவைப் பார்த்த கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்டு, அதை நாள் முழுக்க யாரோ ஆட்டிக்கொண்டிருக்க, உள்ளே நாங்கள் தூங்கியிருக்கிறோம். பொது முகவரிக்குப் பணம் கட்டி அதே கதவை மறுபடி திறக்க எனக்கு மனசு வரவில்லை. ஃபார்வர்டிங் விதியை அப்போதே அழித்தேன்.

சிஜிநாட்டுக்குப் பின்னாலிருந்து வேலை செய்ய வேண்டும், போர்ட் எதுவும் திறக்கக் கூடாது. அப்படியென்றால் இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே கிளம்பி நடுவில் சந்திக்கிற ஏற்பாடு வேண்டும். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. அடியில் வயர்கார்டு என்ற குறியாக்கம், நம் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு பொது இடத்தில் தன்னைப் பதிந்துகொண்டு, அங்கிருந்து ஒன்றையொன்று நேராகப் பிடிக்கப் பார்க்கும், முடியாவிட்டால் இடைநிலையம் ஒன்றின் வழியாகப் போகும். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். வீட்டுக் கணினியில் போட்டேன், வராந்தா லேப்டாப்பில் போட்டேன், இரண்டுக்கும் 100-ல் ஆரம்பிக்கும் முகவரி கொடுத்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பினேன், ஏனென்றால் ரூட்டரில் பார்த்த சிஜிநாட் எண்ணும் அதே வரிசை. டெயில்ஸ்கேல் அந்த 100.64 வரிசையிலிருந்துதான் எண் எடுக்கிறது, வேறு சம்பந்தம் இல்லை. ஹாட்ஸ்பாட்டிலிருந்து அந்த எண்ணைக் கொடுத்ததும் நீலத் திரை வந்தது. நேர் இணைப்பா என்று அதன் நிலைக் கட்டளையில் பார்த்தேன், முதலில் இடைநிலையம், சில விநாடியில் நேர் என்று மாறியது.

அப்புறம் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியின் எல்லைப் பகுதிக்குப் போய், வீட்டு வலையான 192.168.1.0/24, டெயில்ஸ்கேல் எண் எடுக்கும் 100.64.0.0/10 ஆகிய இரண்டு வரிசைகளிலிருந்து வந்தால் மட்டும் கேள் என்று எழுதினேன்.

புதன் ராத்திரி லெனேசியாவின் முறை. விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்டில் அவள் லேப்டாப் திரையைப் பார்த்தபடி டெயில்ஸ்கேலைப் போட்டோம், புது முகவரியைக் கொடுத்தோம். வந்தது ஒரு பாஸ்வேர்ட் கட்டம்.

"நாலு நம்பர்தானே, அதைப் போட்டா தப்புங்குது."

அவள் இதுவரை பாஸ்வேர்ட் அடித்ததே இல்லை. பழைய முகவரிக்கு நான் எப்போதோ சேமித்துக் கொடுத்தது, அது அந்த முகவரியோடு மட்டும் ஒட்டியது, முகவரி புதிதானால் மறுபடி கேட்கும். அவளுக்குத் தெரிந்தது கணினியின் முன் உட்கார்ந்து அடிக்கும் பின் எண். பின் அந்தப் பெட்டிக்குள்ளேயே செல்லுபடியாகிற சாவி, தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்ட்தான் வேண்டும். அதையும் கொடுத்தோம், அதுவும் தப்பு என்றது. வீட்டுக் கணினியில், பின், முகம், விரல்ரேகையால் நுழையும் விண்டோஸ் ஹலோ மட்டும் போதும் என்ற ஒரு சுவிட்ச் போட்டுக் கிடந்தது. அதை அணைத்து, வீட்டில் நானே ஒரு முறை அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போன பிறகுதான் கணினிக்கு அந்தப் பாஸ்வேர்ட் தெரியவந்தது. உடனே அவளுக்குத் திறந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றாள், பின்னாலிருந்து மாமியார் என்னம்மா என்று கேட்பது கேட்டது.

அன்று ராத்திரி இரண்டு மணி வரை வேலை பார்த்து வியாழன் மதியமே மூன்று கடைக்கும் வாட் ஏற்றிவிட்டாள்.

எனக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? டெயில்ஸ்கேல் விண்டோஸில் சாதாரணமாக யாராவது உள்நுழைந்திருந்தால்தான் இணைந்திருக்கும், கணினி மறுபடி கிளம்பி உள்நுழைவுத் திரையில் நின்றால் தொடர்பு இருக்காது. அதற்கு ஆளில்லாமல் ஓடு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட வேண்டும். அதன் சாவி 180 நாளில் காலாவதியாகும், வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தி வைத்தேன். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், கரண்ட் திரும்பினால் தானாகக் கிளம்பு என்ற வரியையும், விண்டோஸில் தூங்கப் போகாதே என்பதையும் போட்டேன். சின்ன யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கி ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் அதில் மாட்டினேன். மாட்டும் முன் அடாப்டரின் எழுத்துகளைப் படித்தேன்: பழைய ரூட்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர், புதியது 12 வோல்ட் 1.5 ஆம்பியர், யுபிஎஸ் ஃபைபர் பெட்டியையும் புது ரூட்டரையும் சேர்த்துத் தாங்குமா என்று கூட்டிப் பார்த்த பிறகே செருகினேன்.

பழைய ரூட்டரோடு போனது ஒரு பெட்டி மட்டும் இல்லை. எந்தக் கணினிக்கு எந்த எண், எந்தக் கதவு எதற்குத் திறந்தது என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது, வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது ஒரு நோட்டுத் தாளில் ரூட்டரின் முகவரி, ரிசர்வ் செய்த எண்கள், கணினிகளின் மேக், ஃபயர்வாலில் எழுதிய இரண்டு வரிசைகள், பயாஸில் மாற்றியது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, வீட்டின் மெயின் சுவிட்ச் உள்ள டிபி போர்டு இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பாஸ்வேர்ட் மட்டும் அதில் இல்லை. ரூட்டரின் அமைப்புகளையும் ஒரு கோப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவளிடம் சொல்லிவிட்டு டிபி போர்டில் மெயின் சுவிட்சை இறக்கினேன். இருட்டில் ஃபைபர் பெட்டியின் பச்சை விளக்குகள் மட்டும் யுபிஎஸ்ஸில் எரிந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் கழித்து ஏற்றினேன், சின்ன அறையில் கணினியின் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது, நான் எதையும் தொடவில்லை. மூன்றாவது நிமிஷம் ஃபோன் அடித்தது.

"உள்ளே வந்துட்டேங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."